இரண்டு ரெஜிமென்ட்டும் எழுதாத பெயர்

காலை ஆறு பத்து. ஆப்கானிஸ்தான், ஹெல்மண்ட். மரங்களுக்கு அப்பால் ஒரு சத்தம். டும்.

ஷெல் குழாயை விட்டுக் கிளம்பும் சத்தம். எங்கள் ஊரில் அதைக் குத்து என்போம். கேட்டவுடன் எண்ணத் தொடங்க வேண்டும். விழுவதற்குச் சில விநாடிகள் இருக்கும்.

"குத்திட்டான்! படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

ரமணன் கத்துகிறான். தமிழில். நான் வாய்க்காலுக்குள் விழுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று.

தண்ணீர்த் தாங்கியடியில் ஆறு பேர் நிற்கிறார்கள். எல்லாரும் ஆங்கிலேயர். பக்கத்தில் ஜெனரேட்டர் இரைகிறது. அவர்களுக்குக் குத்து கேட்கவில்லை. ரமணன் என்னைக் கூப்பிடுகிறான் என்று நினைக்கிறார்கள். பென் கையை ஆட்டிச் சிரிக்கிறான்.

எட்டு. ரமணன் அவர்களை நோக்கி ஓடுகிறான். இப்போது ஆங்கிலத்தில் கத்துகிறான். பதின்மூன்றில் முதல் ஆள் படுக்கிறான். பதினேழு.

மண் மழை. என் இடது காதுக்குள் நீளமாக ஒரு விசில். அது இன்னும் நிற்கவில்லை.

ஐந்து பேர் எழுந்தார்கள். பென் எழவில்லை. ரமணன் எழவில்லை. ஆறு பன்னிரண்டுக்கு இரண்டாவது ஷெல் மதிலுக்கு வெளியே விழுந்தது. அதில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

நானும் ஆங்கிலத்தில் கத்தியிருக்கலாம். பதினேழு விநாடி இருந்தது. நான் கத்தவில்லை. என் வாய் மண்ணில் புதைந்திருந்தது. இதை நான் விசாரணையில் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நான் லண்டனில் குட்மேய்ஸில் வளர்ந்தவன். ரமணன் பிளேஸ்டோ. இருவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஷெல்லுக்குப் பதுங்கும் பங்கர் குழிக்குள் இருந்து எண்ணப் பழகியவர்கள். இருவரும் பிரிட்டிஷ் காலாட்படையில் சேர்ந்தோம். ரெஜிமென்ட்தான் வேறு. அவன் ரெஜிமென்ட்டிலிருந்து என் கம்பனிக்கு ஆள் குறைவென்று கடனாக வந்தவன். தொப்பியில் தன் ரெஜிமென்ட் சின்னத்தையே அணிந்தான்.

இரண்டும் ஒரே பழைய ரெஜிமென்ட்டிலிருந்து பிரிந்தவை. பயிற்சி முகாமில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். ஒரே அணிவகுப்பு மெட்டு. ஒரே வெற்றி நாள். அந்த நாளில் இரு பக்கமும் சின்னத்துக்குப் பின்னால் பச்சை நாடா செருகும். கொடிகளில் தைத்த சண்டைப் பெயர்களும் பாதிக்கு மேல் ஒன்றுதான். தென்னிந்தியாவில் நடந்தவையும் அதில் இருந்தன. ரமணன் அவற்றைப் படித்துவிட்டுச் சிரிப்பான். "இது எங்கட ஆக்களை அடிச்சதுக்கு. நாடாவை நேராக் குத்தடா."

அவன் செத்த பிறகு இரண்டு ரெஜிமென்ட்டையும் கலைத்தார்கள். வேறு சிலவற்றோடு சேர்த்து ஒரே ரெஜிமென்ட் ஆக்கினார்கள். புதுச் சின்னம் வந்தது. பச்சை நாடா போனது. பிறகு லண்டனில் ஒரு தேவாலயத்தில் நினைவுச் சுவர் கட்டினார்கள். இடப்பக்கம் எங்கள் பெயர்கள். வலப்பக்கம் அவர்களுடையவை. நடுவில் பொது முன்னோர் என்று ஒரு வாசகம்.

திறப்பு ஞாயிற்றுக்கிழமை. மழை. பதினொரு மணிக்கு ஊதுகொம்பு. ரமணனின் அம்மாவை பிளேஸ்டோவிலிருந்து நான்தான் காரில் கூட்டிவந்தேன். வெள்ளைச் சேலைக்கு மேல் கறுப்புக் கோட். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரடிக்குப் போனார். விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். வலப்பக்கம் முழுக்க. பிறகு இடப்பக்கம். பென்னின் பெயரைத் தாண்டியது விரல்.

"தம்பி, எங்கட பிள்ளை எங்கை?"

நான் தேடினேன். மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே.

"இல்லை அன்ரி."

"வடிவாப் பாரும்."

"பாத்திட்டன். இல்லை."

ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் பட்டியலோடு நின்றார். நல்ல மனிதர். புரட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார். எங்கள் பட்டியலில் எங்கள் சின்னம் அணிந்தவர்கள் மட்டும். அவர்கள் பட்டியலில் அவர்கள் படையோடு களத்தில் நின்றவர்கள் மட்டும். மற்றவர் எழுதுவார் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். நான் மொழிபெயர்த்தேன். ரமணனின் அம்மா மேஜரைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்தார்.

"மூத்தவனுக்கு ஊரிலை ஒரு கல் இருந்தது. இயக்கத்திலை நிண்டு செத்தவன். ஆமி வந்து உடைச்சுப்போட்டான். இவனுக்கு உடைக்கவும் கல்லில்லை."

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு காருக்கு நடந்தார்.

தேவாலயத்துக்குக் கடிதம் எழுதினேன். சுவருக்கான குழு கலைந்துவிட்டது என்றார்கள். புது ரெஜிமென்ட்டுக்கு எழுதினேன். அது பழைய ரெஜிமென்ட்டுகளின் விடயம் என்றார்கள். பழைய ரெஜிமென்ட்டுகள் இல்லை. மேஜருக்கு எழுதினேன். அவர் தன் கைப்பட நான்கு பக்கம் பதில் போட்டார். கல்லில் இடமில்லை, தன்னால் ஏலவில்லை, தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருந்தார். மறு கடிதத்துக்கு அவர் மகள் பதில் போட்டார். அவர் இறந்துவிட்டார்.

நான் இப்போது கிங்ஸ்பரியில் பஸ் ஓட்டுகிறேன். என் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. எங்கள் ஆட்கள் பலர் நான் அந்த உடுப்புப் போட்டதையே மன்னிக்கவில்லை. அந்த உடுப்புக்காரர்கள் ரமணனை எழுதவில்லை. யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்பதையும் நிறுத்திவிட்டேன்.

ரமணனின் அம்மா போன மாசியில் போனார். நியூஹாம் மருத்துவமனையில், பகல் இரண்டு நாற்பதுக்கு. பக்கத்தில் நான் இருந்தேன்.

இழந்தவை.

பென். பத்தொன்பது வயது.

ரமணன். இருபத்துநான்கு.

ரெஜிமென்ட்டுகள் இரண்டு.

என் இடது காது.

அந்த ஐந்து பேரில் ஒருவன், ஊர் திரும்பிய பிறகு, தன் கையால்.

ஒரு தாய். பெற்றது இரண்டு ஆண்பிள்ளைகள். இரண்டு படை. இருவர் பெயரும் உலகத்தில் எந்தக் கல்லிலும் இல்லை.