ரிப்போர்ட் என்றால் என்ன அர்த்தம்?

— இந்தக் கத்துல, ஸர்க்கார் கடுதாசியில, என்ன எழுதியிருக்குன்னு இன்னொரு தரம் வாசிச்சுச் சொல்லுங்கோ அண்ணா.

— லலிதா! என் அலமாரியில பூட்டி வெச்சிருந்தேனே, இது உன் கைக்கு எப்படி வந்தது?

— அது அப்புறம். முதல்ல அர்த்தம் சொல்லுங்கோ.

— போன வாரமே சொன்னேன், கேட்டியா? அந்த வாத்தியாரம்மா உத்தியோகம் உனக்கு இல்லைன்னு ஆயாச்சு. உன்பேர்ல யாரோ ரிப்போர்ட் பண்ணியிருக்கா. சின்ன வயசுல தாலியறுத்தவ தெருவுல இறங்கி நடக்கறாளேன்னு எழுதிப் போட இந்த ஸ்ரீவராகத்துல ஆளா இல்லை?

— யார் எழுதினா? பேர் போட்டிருக்கா?

— அதெல்லாம் போடமாட்டான், கேட்டியா. ஸர்க்கார் ரகசியம்.

— இதோ, இந்த வார்த்தைதானே ரிப்போர்ட்? எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும்.

— அதேதான்.

— சரி. உங்களை நெய்யாற்றின்கரைக்கு மாத்தினாளே, அந்த ஆர்டரையும் எடுத்துப் பாத்தேன். அதுலயும் இதே வார்த்தை. உங்கபேர்ல யார் அண்ணா புகார் கொடுத்தா?

— அது... அது வேற ரிப்போர்ட்.

— எழுத்து ஒண்ணுதானே?

— ஒண்ணாயிருந்தா? இங்கிலீஷ் அப்படித்தான். பக்கத்துல நிக்கற குட்டி வார்த்தையைப் பொறுத்து அர்த்தம் மாறும். 'அகெய்ன்ஸ்ட்'னு வந்தா புகார். 'ஃபார் டூட்டி'ன்னு வந்தா...

— வந்தா?

— வெறுதே என்னைக் குடையாதே. ஆபீஸ்லேர்ந்து வந்து இன்னும் கோட்டைக்கூடக் கழட்டலை.

— என்னோட இந்தக் கத்துல எஃப், ஓ, ஆர்னு இருக்கு. அடுத்தது டி. வந்தா என்ன அண்ணா?

— மெதுவாப் பேசு. உள்ளே உன் மன்னி தூங்கறா.

— மெதுவாவே கேக்கறேன். வந்தா என்ன?

— வந்து சேர்ந்துட்டேன்னு ஹாஜர் கொடுக்கணும். நேர்ல போய் நின்னு, புஸ்தகத்துல கையெழுத்துப் போடணும். போட்ட நிமிஷத்துலேர்ந்து வேலை நம்மளது. போறுமா?

— அப்போ வேலை எனக்குத்தான்.

— உனக்குத்தான். பொய் சொன்னேன். ஏன் சொன்னேன்னு கேளேன்! டைஃபாய்ட் வந்து ரெண்டு மாசமாக் கிடக்கறா உன் மன்னி. ஒரு டம்ளரைத் தூக்கினா கை நடுங்கறது. மூணு குழந்தைகள். ஒன்பதரைக்கு நீயும் படியிறங்கிட்டா அவளுக்குக் கஞ்சி வெச்சுக் கொடுக்கறது யாரு?

— ஒரு மாமியைச் சமையலுக்கு வெச்சுக்கலாம்னு சொன்னேனே.

— கூடப் பிறந்தவ இருக்கறச்சே அந்நிய மனுஷியையா அடுப்படியில விடச் சொல்றே?

— கூடப் பிறந்தவதான். அவர் போனப்புறம் ஆறு வருஷமா நீங்கதான் சோறு போட்டேள். ஊர் வாயை மூடி, ட்ரெயினிங்குக்கு அனுப்பினேள். பாஸானேன்னதும் கிழக்கேகோட்டையிலேர்ந்து கல்கண்டு வாங்கிண்டு ஓடி வந்தேள். அந்தக் கையாலயா இதைப் பூட்டி வெச்சேள்?

— பத்து நாளா நானும் தூங்கலைடீ. சொல்லிடணும், சொல்லிடணும்னு...

— சொல்லலையே.

— இனிமே சொல்லி என்ன பிரயோஜனம்? தேதியைப் பாரு. திங்கட்கிழமை பத்து மணி. அதுக்குள்ள ஹாஜராகலைன்னா வேலை வேற ஆளுக்குன்னு போட்டிருக்கான். இன்னிக்கு புதன். தீர்ந்து போச்சு. திட்டணும்னா திட்டிக்கோ. எனக்காக ஒண்ணும் செய்யலை நான்.

— மன்னிக்காகவா?

— அவ பிராணனுக்காக. வேற யாருக்கு?

— திங்கட்கிழமை பத்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கறச்சேயே கையெழுத்துப் போட்டாச்சு அண்ணா. மூணு நாளாப் போயிண்டு வரேன். உங்க வாயால நிஜம் வரட்டும்னுதான் காத்துண்டிருந்தேன். அலமாரியைத் திறந்து, இந்தக் கத்தை எடுத்து அர்த்தம் சொன்னதும், 'சுவத்தைப் பிடிச்சுண்டாவது அடுப்பை நான் பாத்துக்கறேன், நீ கிளம்பு'ன்னு வாசல் வரைக்கும் வந்து என்னை அனுப்பி வெச்சதும் மன்னிதான்.