நாற்பதாவது அழைப்பு

உங்கள் கம்ப்யூட்டரில் தேதி இரண்டு நாள் பின்னால் இருக்கிறது, சேஷாத்ரி சார். முதலில் அதைச் சரிசெய்துவிடுங்கள். வாக்குமூலத்தில் தேதி தப்பாக இருந்தால் கோர்ட்டில் யாராவது அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். எண் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கொல்கத்தா போலீஸில் ஒரு தமிழ் அதிகாரி கிடைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தாய்மொழியில் ஒப்புக்கொள்வது ஒரு சௌகரியம்தான்.

என் பெயர் ஜெயக்குமார். பெஹாலாவில் மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒருவருடைய வெப்சைட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்வது என் தொழில். ஜனங்கள் கூகுளில் என்ன வார்த்தைகளைத் தட்டுகிறார்கள், மாதம் எத்தனை தடவை என்று பட்டியல் எடுப்பேன். தேடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் முதலில் நிற்கும் பக்கத்தைத் திறப்பார்கள். திறந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் போன் செய்வார்கள். இது நானாக வைத்துக்கொண்ட விகிதம். மற்றபடி பெருக்கத் தெரிந்தால் போதும்.

2007 துர்கா பூஜைக்கு முன்னால் கரியாஹாட் மார்க்கெட்டில் ஒரு புடவைக்கடைக்கு ஐந்நூறு பேர் வருவார்கள் என்று சொன்னேன். பதினோரு பேர் வந்தார்கள். அதில் நான் மூன்று தடவை. கடைக்காரர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எனக்கு ரசகுல்லா வாங்கிக் கொடுத்து, "அடுத்த தடவை கிளி ஜோசியரையே கேட்டுக்கறேன் தம்பி" என்றார். கடைப் பையன்கள்வரை சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனி என் வாயிலிருந்து ஒரு எண் வந்தால் அது பலிக்கவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

பிரேம்குமார் என்னிடம் வந்தது அடுத்த வருடம். அதே மார்க்கெட்டில் இட்லிப் பொடியும் அப்பளமும் விற்றுக்கொண்டிருந்தவர், கிட்னிப் பொடிக்கு மாறியிருந்தார். மிளகாய் மட்டும் போடவில்லை என்று நினைக்கிறேன். மீதி என்ன போட்டார் என்று நான் கேட்கவில்லை. ஒருவருடைய தொழில் ரகசியத்தைக் கேட்பது நாகரிகமில்லை.

வார்த்தைகளைத் தேடிப் பிடிப்பது என் பொறுப்பு. இந்த ஊரில் தமிழனாகப் பிறந்தால் பாதி டாக்டர் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மீன் வாங்க நின்றால்கூட, அண்ணன் முறை வைத்து, "தாதா, வேலூர்ல யாரைப் பார்க்கலாம்?" என்று கேட்பார்கள். ஹௌராவில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறுகிற கூட்டத்தைப் பாருங்கள், எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி எத்தனை பேர். அவர்கள் எல்லோரும் ரயில் ஏறுவதற்கு முன்னால் கூகுளில் எதையாவது தட்டுகிறார்கள். 'வேலூர் போகாமல் கிட்னி சரியாகுமா.' 'டயாலிசிஸ் நிறுத்த வழி.' 'அம்மாவுக்கு ஒரு கிட்னி கொடுத்தால் நான் இருப்பேனா.' கட்டின மனைவியிடம் சொல்லாததை எல்லாம் அந்தச் சின்னப் பெட்டியில் சொல்லிவிடுகிறார்கள். படித்தபோது எனக்கே பாவமாக இருந்தது. பொய்யில்லை. அந்த வார்த்தைகளுக்குப் போட்டியும் குறைவாக இருந்தது.

ஆகவே பக்கத்தை அந்த வார்த்தைகளாலேயே கட்டினேன். வேலூரில் முப்பது வருடம் இருந்த டாக்டர் லக்ஷ்மிநாராயணன் இப்போது உங்கள் பெஹாலாவில், இனி ரயில் வேண்டாம், மெஷின் வேண்டாம், மெஷின்தான் கிட்னியைச் சோம்பேறியாக்குகிறது. அப்படி ஒரு டாக்டர் கிடையாது. படத்தில் இருப்பவர் என் காலஞ்சென்ற மாமனார். மின்வாரியத்தில் மீட்டர் பார்த்தவர். முகத்தில் நல்ல நிதானம். தென்னிந்தியப் பெயரும் நெற்றியில் விபூதியும் இருந்தால் இந்த ஊர் கையெடுத்துக் கும்பிடும். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், வடிவமைப்பு ஜெயக்குமார் என்று போட்டேன். செய்த வேலைக்குப் பெயர் போடுவது வழக்கம்.

அக்டோபரில் என் பக்கம் முதலிடத்துக்கு வந்தது. நவம்பருக்கு எண் சொன்னேன். இரண்டாயிரம் தேடல், எண்ணூறு பேர் திறப்பார்கள், நாற்பது பேர் போன் செய்வார்கள். பிரேம்குமார் நம்பவில்லை. கரியாஹாட் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. "நாற்பதுன்னா நாற்பதா? இல்ல, அதுல நீங்க மூணா?" என்றார். மாதம் முழுக்க அவர் கடை போனில் வரும் அழைப்புகளை ஒரு நோட்டில் கோடு கிழித்துக்கொண்டே வந்தார். முப்பதாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு முப்பத்தொன்பது கோடு.

அப்போதுதான் கீதாஞ்சலி மாடியேறி வந்தாள். கீழ் வீட்டுச் சிவலிங்கம் மாமாவின் ஒரே பெண். மாமா சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். வேலூருக்கு டிக்கெட் உறுதியாகியிருந்தது. தன் கிட்னியைக் கொடுக்கிறேன் என்று அந்தப் பெண் பிடிவாதமாக நின்றாள், மாமா வேண்டாம் என்று அழுதார். இதெல்லாம் எனக்குத் தெரியும். கையில் என் பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்தாள். இங்கேயே வளர்ந்த பெண், தமிழில் வங்காளம் கலக்கும், அப்பாவை பாபா என்பாள்.

"அண்ணா, ஏக்டு, கொஞ்சம் பாருங்க. வெப்சைட் எல்லாம் நீங்கதானே பண்றீங்க, உங்களுக்குத் தெரியும். பாபா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுன்னு ஒரே ஜேத், பிடிவாதம். என் கிட்னியும் வேண்டாமாம், இந்த டாக்டரே போதுமாம். இதை நம்பலாமா?"

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் மாமனார் படத்தைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தேன். பிரேம்குமார் ஆறு மணிக்கு நோட்டை மூடிவிடுவார்.

"நம்ம ஆளுங்கதாம்மா. ஒரு போன் போட்டுக் கேளு, அதுல என்ன தப்பு? இங்கேர்ந்தே போடு."

என் வீட்டு போனிலிருந்துதான் பேசினாள். வைத்துவிட்டு, "ரொம்ப அன்பாப் பேசினாங்க அண்ணா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஐந்து நிமிடத்தில் பிரேம்குமார் என்னைக் கூப்பிட்டு, நாற்பதாவது கோடும் விழுந்தது, தோற்றுப்போனேன் என்று சொன்னார். அந்தச் சாயங்காலம் போல ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் இருந்ததில்லை.

ஆனால் சார், மனசாட்சி என்று ஒன்று உண்டே. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நானே எடுத்துக் கொடுத்த போனில் வந்த அழைப்பை எண்ணிக்கையில் சேர்க்கலாமா என்பதுதான் கேள்வி. பக்கத்தைக் கண்டுபிடித்தது அவர்கள், சந்தேகப்பட்டது அவர்கள், நான் சந்தேகத்தை மட்டும்தான் எடுத்தேன். சேர்க்கலாம் என்று முடிவானதும் நிம்மதியாகத் தூங்கினேன்.

மாமா டிக்கெட்டை ரத்து செய்தார், டயாலிசிஸையும் நிறுத்தினார். முதல் வாரம் முகம் தெளிவாக இருந்தது. படியில் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணை அறுக்காம காப்பாத்திட்டப்பா" என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரம்தான். டிசம்பருக்கு நாற்பத்தைந்து என்று எண் கொடுத்திருந்தேன், நல்ல பெயர் கிடைத்துக்கொண்டிருந்த நேரம். பதினேழாம் நாள் அவர் கால் வீங்கியது, இருபத்து மூன்றாம் நாள் போய்விட்டார். மின் மயானத்துக்கு நானும் தோள் கொடுத்தேன். மாமா கனமான மனிதர்.

கீதாஞ்சலி காரியமெல்லாம் முடிந்து அந்த அச்செடுத்த தாளோடு வந்தாள். அடியில் இருந்த என் பெயரை விரலால் தொட்டுக் காட்டினாள். கத்தவில்லை. "நான் உங்களைத்தானே அண்ணா கேட்டேன்" என்றாள். அவ்வளவுதான். பிறகு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், என்னைச் சறுக்கவைத்தது நானே போட்ட பொடி எழுத்து.

மற்றவர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்கிறீர்கள். அதை நான் எண்ணவில்லை, எண்ணச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. வேண்டுமானால் விகிதம் போட்டுச் சொல்கிறேன், பேப்பர் கொடுங்கள்.

நீங்கள் தட்டியதைப் படித்துப் பார்த்தேன். சிவலிங்கத்தின் சாவுக்கு நானே காரணம், தெரிந்தே செய்தேன் என்று இருக்கிறது. சரிதான், அதை மாற்ற வேண்டாம். ஆனால் மூன்றாவது வரியில் நவம்பர் அழைப்புகள் முப்பத்தொன்பது என்று போட்டிருக்கிறீர்கள். அதை நாற்பது என்று திருத்துங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.