தரகரின் மகளுக்கு ஒரு மஞ்சள் கார்

வாசலில் நிற்கிற வெள்ளைக் கார் உங்களுடையதுதானே மேடம்? அதை விற்பதாக இருந்தால், கழுவிய கையோடு ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துவிடுங்கள். ஈரத்தில் எல்லாக் காரும் புதுக் கார்தான். வாங்குகிறவராக இருந்தால் காயும்வரை காத்திருந்து பாருங்கள்.

வெளியூரில் உட்கார்ந்துகொண்டு, படத்தைப் பார்த்து மனசைப் பறிகொடுத்து, பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கிறவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். அவர்களுக்குப் பதிலாக நான் போய்ப் பார்த்துச் சொல்வேன். பெயின்ட்டின் கனம் பார்க்க ஒரு கருவி, ஒரு டார்ச், மல்லாந்து படுக்க ஒரு ரெக்சின் விரிப்பு. என் ஆபீஸ் இவ்வளவுதான். நான் போகும்போது எஞ்சின் சூடாக இருந்தால் தொடாமல் திரும்பிவிடுவேன். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து அதன் இருமலை அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விற்கிறவர் என் சட்டைப் பையில் எதையாவது திணிக்க வந்தால், அந்தக் கையை அவர் பைக்கே திருப்பி அனுப்புவேன். அதனால் தொழிலில் எனக்கு ஒரு பெயர் உண்டு.

அந்தப் பெயரைத்தான் நான் பயன்படுத்தினேன். உங்கள் கான்ஸ்டபிள்கள் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ரிப்பேர் ஷெட்டைத் தலைகீழாகப் புரட்டியதாகக் கேள்விப்பட்டேன். பாவம், வீண் அலைச்சல்.

என் தம்பியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா போனபோது அவன் பால் பல்லோடு இருந்தான். தலைவாரி விட்டது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, சைக்கிள் பழக்கியது எல்லாம் நான். வளர்ந்து, வெளியூரில் நல்ல வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகு அவனுக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. இரண்டே பேர் உட்காரும் கார். நீல நிறம். என்னிடம் சொல்லாமல் வாங்கினான். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். "அண்ணன்கிட்ட காட்டினா, பெத்த அம்மாவுக்கே நாலு குறை சொல்லுவான். வாங்கிட்டு வந்து முன்னால நிறுத்தினாத்தான் வாய மூடுவான்" என்று மனைவியிடம் சொன்னானாம்.

விற்றவர் பக்கத்து ஊரில் பழைய கார்கள் விற்கும் பெரிய யார்டு வைத்திருக்கும் தரகர். வாய்க்கு வாய் 'சத்தியமா' போடுவதால் எங்கள் வட்டாரத்தில் அவருக்குச் சத்தியக்காரர் என்று பெயர். வீடியோவில் காரைச் சுற்றிக் காட்டி, விபத்தே பார்க்காத வண்டி என்று சொல்லித் தம்பியிடம் விற்றார். நிஜத்தில் அது ஒரு வண்டியே இல்லை. முன்பக்கம் அடிபட்டது ஒன்று, பின்பக்கம் அடிபட்டது ஒன்று. இரண்டையும் குறுக்கே அறுத்து, நல்ல பாதிகளைச் சேர்த்துப் பற்றவைத்து, மேலே நீலம் அடித்திருந்தார்கள். தம்பி ஒரு வளைவில் தடுப்புச் சுவரில் இடித்தான். சாதாரண இடிதான். வண்டி சீட்டுக்குப் பின்னால் இரண்டாகப் பிரிந்தது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு தம்பி மனைவி சத்தியக்காரருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"சத்தியமா எனக்கு எதுவும் தெரியாதும்மா. காட்டினதைப் பார்த்தாரு, பிடிச்சுது, வாங்கினாரு. தூரத்துல இருந்து வாங்குறவங்க நாலு பேரை விசாரிச்சு வாங்கணும்ல? வெச்சிடட்டுமா? வேற கால் வருது."

வக்கீலிடம் போனோம். விபத்தில்லாத வண்டி என்று எழுதி வாங்கினீர்களா என்று கேட்டார். இல்லை, வாயால் சொன்னதுதான். அனுப்புவதற்கு முன் வேறு யாரையாவது விட்டுப் பார்த்தீர்களா என்றார். இல்லை. திருப்பித் தர அவகாசம் ஏதாவது பேசினீர்களா என்றார். அதுவும் இல்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். தம்பி மனைவி படியிறங்கும்போது, "அப்ப தப்பு செத்துப்போனவர் மேலதானா மாமா?" என்று என்னைக் கேட்டாள்.

நொறுங்கிய காரை என் ஷெட்டுக்குக் கொண்டுவந்து, என் பெயருக்கு மாற்றி எழுதி, தார்ப்பாய் போட்டு மூடினேன். அவள் கண்ணில் பட வேண்டாம் என்பதுதான் அப்போதைய எண்ணம். வேறொன்றும் இல்லை.

பிறகு சத்தியக்காரரே என்னைக் கூப்பிட்டார். நான் இன்னாருடைய அண்ணன் என்று அவருக்குத் தெரியாது. விற்ற வண்டிகளையே அவர் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, வாங்கியவர்களையா ஞாபகம் இருக்கும்? ஒரே மகள், படிப்பு முடித்து வேலையில் சேர்ந்திருக்கிறாள், இரண்டு பேர் உட்காரும் கார்தான் வேண்டும், அதுவும் மஞ்சள் நிறத்தில் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்றார். உங்கள் யார்டில் இல்லாத வண்டியா என்று கேட்டேன்.

சிரித்தார். "உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு சார். என் யார்டுல நிக்கிறது ஒண்ணையும் நம்பி என் பொண்ணை ஏத்த மாட்டேன். உங்க கைக்கு நல்லதா ஒண்ணு வந்தா சொல்லுங்க."

அதற்கு முன்பு வரை நான் கோபமாகத்தான் இருந்தேன் மேடம். போனை வைத்த பிறகு கோபம் இல்லை. வேலைதான் இருந்தது.

தார்ப்பாயை எடுத்தேன். எஞ்சினைக் கழற்றிப் பூட்டினேன். பிரேக் புதிது, டயர் புதிது, சீட்டுக்கு நல்ல தோல். எதிலும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. அந்த இணைப்பை மட்டும் அவர் யார்டில் எப்படிப் பற்றவைத்திருந்தார்களோ அப்படியே, அதே இடத்தில், அதே மாதிரி மேலோட்டமாகப் பற்றவைத்தேன். எனக்கு ஒழுங்காகப் பற்றவைக்கத் தெரியும். பிறகு மஞ்சள் அடித்தேன். முழுசும் காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். அழகாக இருந்தது. தம்பி பார்த்திருந்தால் நீலத்தை மறந்திருப்பான்.

என்னிடமே ஒரு வண்டி இருக்கிறது என்று சத்தியக்காரரிடம் சொன்னேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பரிசோதகர் தன் சொந்த வண்டியை விற்கிறார் என்றால், அதைப் பரிசோதிக்க யாரும் ஆள் அனுப்ப மாட்டார்கள். அனுப்பினால் அவமரியாதை. ஊரையே சந்தேகப்படுகிற ஆளும் அங்கே வந்து செருப்பைக் கழற்றிவிடுவார். சத்தியக்காரர் கழற்றினார்.

வீடியோவில் சுற்றிக் காட்டினேன். லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் காட்டவா என்று கேட்டேன். "உங்க வண்டிக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாத்தா என்னை நானே செருப்பால அடிச்சுக்கணும் சார்" என்றார். வேறு ஒர்க்‌ஷாப் ஆளைக் கூட்டி வந்து பார்க்கச் சொன்னேன். மறுத்தார். வண்டி கைக்கு வந்த பிறகு எங்கே வேண்டுமானாலும் காட்டலாம், ஒரு மாதத்துக்குள் பிடிக்காவிட்டால் கேள்வி கேட்காமல் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியே கொடுத்தேன். என் தம்பிக்குக் கிடைக்காத அத்தனை பாதுகாப்பையும் அவருக்குக் கொடுத்தேன். பதிவுப் புத்தகத்தில்கூட வரிசையாக அவர் பெயர், தம்பி பெயர், என் பெயர். ஒரு பக்கம் புரட்டியிருந்தால் போதும். அவர் என் பெயரைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டார்.

லாரியில் ஏற்றி நானே கொண்டுபோய் இறக்கினேன். தரகர் யார்டில் இருந்தார். மகள் மட்டும் வீட்டில் இருந்தாள். ஒல்லியான பெண். கதவைத் திறந்து, காரைப் பார்த்து, ஓடி வந்து பானட்டின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"அங்கிள், எங்கப்பா எனக்குப் பென்சில் வாங்கினாக்கூட பேரம் பேசுவாரு. உங்ககிட்ட ஒண்ணுமே பேசலையாமே. மந்திரம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

பெயரைக் காப்பாற்றிக்கொண்டால் மந்திரம் தேவையில்லை என்றேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம், நீங்களும் ஏறுங்கள் என்றாள். ஏறினேன். பெல்ட் போட்டுக்கொண்டேன். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தாள், கண்ணாடியைப் பார்க்காமல் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நல்ல நிதானமான கை. கொஞ்சம் நாளாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "நிஜமா சொல்லுங்க அங்கிள். உங்க வீட்டு ஆளா இருந்தா இந்த வண்டிய ஓட்டக் குடுப்பீங்களா?"

"எங்க வீட்டு ஆள்தாம்மா ஓட்டிட்டு இருந்தான்" என்றேன். "உயிரா வெச்சிருந்தான்."

அவளுக்குப் போதுமான பதிலாக இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். ஆமாம், அந்தப் பெண் சாக வேண்டும் என்றுதான் அந்தக் காரைக் கட்டினேன். தரகர் பக்கத்து சீட்டில் இருந்துவிடக்கூடாது என்ற கவலை மட்டும் இருந்தது. திருப்பித் தரும் அவகாசம் முடிந்தது, யாரும் கூப்பிடவில்லை. வேறு வண்டிகளைப் பார்க்கப் போனேன், வந்தேன். தம்பி மனைவிக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்தேன். மழைக்காலம் வந்தது. எதிரே வந்த வண்டிக்கு வழிவிட ஒதுங்கியபோது அவள் கார் வழுக்கி மரத்தில் மோதியதாம். வேகம் அதிகமில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் எதிர்பார்த்ததுதான். நல்ல வண்டியாக இருந்தால் பம்பர் போயிருக்கும், வீட்டில் திட்டு வாங்கியிருப்பாள்.

சத்தியக்காரர் என்னைத்தான் கூப்பிட்டார். குரல் அடையாளமே தெரியவில்லை. "உங்களையும் எவனோ ஏமாத்திட்டான் சார். உங்க தலையில கட்டினவன் யாருன்னு சொல்லுங்க. விட மாட்டேன். நீங்களே வந்து பாத்து ரிப்போர்ட் எழுதிக் குடுங்க, கோர்ட்டுல போடுறேன்." அப்போதும் அவருக்கு என்மேல் சந்தேகம் வரவில்லை. பெயர் என்பது அப்படிப்பட்டது.

நான் போகாமல் இருந்திருக்கலாம். போகாமல் இருந்திருந்தால் உங்களுக்கும் இந்த வேலை இல்லை. ஆனால் வண்டியை யார் கட்டியது என்று அவருக்குத் தெரியாமல் போனால், நான் செய்தது வெறும் விபத்து மேடம்.

யார்டின் ஒரு மூலையில், தகரக் கூரைக்குக் கீழே கிடந்தது. விரிப்பைப் போட்டு அவரையும் என் பக்கத்தில் படுக்கச் சொன்னேன். படுத்தார். இணைப்பின் மேல் டார்ச் அடித்து, பெயின்ட்டைச் சுரண்டிக் காட்டினேன். மஞ்சள், அதற்குக் கீழே நீலம். இந்தப் பற்றவைப்பு உங்கள் யார்டின் கைவேலை, நான் அதைப் பார்த்து எழுதியவன்தான் என்றேன். பதிவுப் புத்தகத்தின் முந்தைய பக்கத்தைப் புரட்டி அவர் கையில் கொடுத்தேன். படுத்தபடியே படித்தார். இரண்டாவது பெயர் என் தம்பி என்றேன்.

புத்தகத்தை மூடி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். பிறகு, "என்னைக் கொன்னுருக்கலாமேய்யா" என்றார்.

அது கணக்குக்குச் சரியாக வராது என்று விளக்கினேன். என் தம்பி போனபோது நான் சாகவில்லை, உயிரோடுதானே இருக்கிறேன். அவரும் இருக்க வேண்டும்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுரண்டிய இடத்தில் தெரிந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நீலக் காரை நீங்க முன்னாடியே பாத்திருக்கீங்களே. ஒரு டாக்டருக்காக வந்தீங்க. இதே மாதிரி அடியில படுத்து டார்ச் அடிச்சீங்க. அவருக்குப் போன் போட்டு வேணாம்னு சொன்னீங்க. அப்புறம் என்கூட உக்காந்து டீ குடிச்சிட்டுப் போனீங்க. போலீஸுக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா? இந்த ஆள்கிட்ட வாங்காதேன்னு சொந்தத் தம்பிகிட்டயாவது சொல்லி வெச்சீங்களா? அடுத்த வாரமே அந்தப் பையன் வாங்கினான்யா."

வந்தேன், பார்த்தேன். இல்லை என்று சொல்லவில்லை. டாக்டர் கூலி கொடுத்தார், டாக்டரிடம் சொன்னேன். கூலி கொடுக்காதவர்களுக்கெல்லாம் கூவிக்கொண்டு திரிந்தால் எந்த யார்டில் என்னை உள்ளே விடுவார்கள்? மகளைப் பறிகொடுத்தவர் ஆத்திரத்தில் ஏதோ பேசுகிறார் என்று எழுந்து, விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மற்றதெல்லாம் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள் மேடம், கையெழுத்துப் போடுகிறேன். கடைசியாக அவர் பேசியதை மட்டும் விட்டுவிடுங்கள். தம்பி மனைவி படிப்பாள்.