வெள்ளைச் சில்லு

இல்லீங்க டாக்டர், இருமல்னு சொன்ன ஒடனே மாத்திரை எழுதிராதீங்க. சித்த நான் சொல்றதக் கேட்டுருங்க. ஊட்டுல யாருக்கும் பீடி சிகரெட்டுப் பழக்கமில்லீங்க. இது வேற. பயந்து போயி வந்திருக்கறனுங்க.

எம்பேரு குணசீலன், திருச்செங்கோட்டுல போர்வெல் போடற வண்டி மெக்கானிக்குங்க. லைசென்ஸ் வாங்கி ஹாம் ரேடியோவும் பேசுவேன். ஆமாங்க, புயல் மழைன்னா செல்லு செத்துரும், அப்ப ஒதவும். ரேடியோ பேசற எங்காளுக சேந்து கரட்டுக் குன்று மேல ஒரு ரிப்பீட்டர் வெச்சிருக்கறமுங்க. கையில வெச்சுப் பேசற சின்ன செட்டுச் சத்தத்தப் புடிச்சு, அக்கட்டால மேட்டூரு வரைக்கும் தூக்கி உடற பொட்டி. அதுக்குப் பவரு பத்துல. சேலத்துப் பழைய இரும்புக் கடையில, ஏதோ கம்பெனி ஒயர்லெஸ்ஸுல கழட்டிப் போட்ட ஆம்ப்ளிஃபயரு கெடந்துச்சு. முப்பது வருசத்துச் சாமான், சும்மா கிண்ணுன்னு இருந்துச்சுங்க.

உள்ள நாலு பாகம் எரிஞ்சிருந்துச்சு. இன்னொரு பழைய செட்டுல இருந்து கழட்டுனேன். ஒவ்வொண்ணு அடியிலயும் வெள்ளையாப் பீங்கான் சில்லு, சட்டைப் பட்டன் சைசு. அரை நூலு பெருசாப் போயி எடத்துல ஒக்காரல. போர் வண்டியில எது சேரலீன்னாலும் கிரைண்டர்ல புடிச்சுப் பழகுன கையிங்க இது. புடிச்சுட்டேன். மாவாட்டம் கொட்டுச்சு. ஒண்ணில்லீங்க, போன மாசம் ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு நாலு சில்லு.

போன வாரம் பொட்டி கரடு ஏறுச்சு. என்ன சவுண்டுங்கறீங்க! மேட்டூர்ல இருந்து எங்க ரேடியோ ஆளு சிவபிரகாஷ் பேசறான், பக்கத்துல ஒக்காந்த மாதிரி. நானும் பெருமையா எல்லாஞ் சொன்னேன், சில்லு ராவுனதுஞ் சொன்னேன். ஒடனே கேக்கறான், அண்ணா, அதுல பெரிலியம் இருக்குமே, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாதே, மூச்சுல இழுத்துட்டீங்களான்னு. ஓடிப்போயி, பாகம் கழட்டுன அந்தப் பழைய செட்டு மூடியத் தொடச்சுப் பாத்தா, எச்சரிக்கை ஒட்டியே இருக்குதுங்க. அழுக்குக்கு அடியில.

ஏனுங்க பேனாவ வெச்சுட்டீங்க? அப்படிப் பாக்காதீங்க டாக்டர். பெரிலியம். எழுதிக்குங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குன்னாலும் இன்னைக்கே போறனுங்க.

இருமல் எத்தன நாளாங்களா? மூணு வாரமாங்க. எனக்கில்லீங்க. நான் கிரைண்டர் புடிச்சா மூக்கு வாயெல்லாம் துண்டு சுத்திக்குவனுங்க, பொறி தெறிக்குமேன்னு. நாலு நாளும் அந்த ரூமக் கூட்டி அள்ளுனது மதுமதிங்க, என்ற சம்சாரம். வெறும் மூஞ்சியோட. லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டு, சளிதான்னு கசாயம் வெச்சுக் குடிக்கறா.

வெளிய பெஞ்சுல இருக்கறாளுங்க, பச்சைச் சீலை. எனக்குத்தான் ஒடம்பு செரியில்லீன்னு பொய் சொல்லிக் கூட்டியாந்தேன். டோக்கனும் என்ற பேர்லதான். உங்குளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க மாமா, பயப்படாதீங்கன்னு வழி நெடுக எனக்குத் தைரியஞ் சொல்லிக்கிட்டே வந்தா.

கூப்புடட்டுங்களா?