மூன்று தட்டினால் காற்று வரும்

இரவு எட்டரை. கடைசிப் பேருந்து போன பிறகு அந்தச் சாலையில் நாய்கூட நடக்காது. ஒரு பக்கம் பள்ளிக்கூடத்தின் நீளமான கல்மதில். மறுபக்கம் மரங்கள்... வெறும் மரங்கள். மதிலை ஒட்டி ஒருத்தி தனியாக நடந்து போகிறாள். கையில் டார்ச், கக்கத்தில் பாட்டுப் புத்தகம்.

என் தோழியின் அத்தை அவள். நான் நேரில் பார்க்கவில்லை. தோழி சொன்னதைச் சொல்கிறேன்.

"போன வாரமும் ஒரு தோழிதானே?" என்றான் கரடி. கதை கேட்கும் எங்கள் கூட்டத்தில், பூஜை வேளையில் நுழைகிற கரடி என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"அதே தோழிதான். குறுக்க பேசாத. நெருங்கி உட்காரு."

அது சபை நடத்துகிற மேல்நிலைப் பள்ளி. எங்கிருந்தோ கப்பலில் வந்த மிஷன்காரர்கள் அநாதைப் பிள்ளைகளுக்காக ஒரு கல்கொட்டகை போட்டார்கள். கொட்டகை வகுப்பறையானது. பிறகு விடுதி வந்தது, நூலகம் வந்தது, அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வேதியியல் கூடம் வந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் சிற்றாலயம். அதற்குள் கூரையைத் தொடும் குழாய்களோடு பழைய ஆர்கன்.

அத்தை அங்கே பாட்டு டீச்சர். தற்காலிகம்தான். பள்ளியின் ஆண்டு விழா ஆராதனையில் தடுமாறாமல் வாசித்தால் வேலை நிரந்தரம். குடியிருப்பில் ஓர் அறை அவளுக்கும் மகளுக்கும் சொந்தம்போல. தடுமாறினால் அண்ணன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அண்ணன் வீடு என்பது என் தோழியின் வீடு. "எங்க அம்மா வாய்க்குப் பயந்தே அத்தை ராத்திரி பகலா பழகினாங்க" என்றாள் தோழி.

இன்னொருவருக்கும் அந்த வேலைமேல் கண். நூலகர். தன் தங்கை மகளை அந்த இடத்தில் உட்கார வைக்க நினைத்தார். அத்தை பழகும் நேரமெல்லாம் நூலகத்தில் விளக்கு எரியும். ஜன்னலில் மூக்குக்கண்ணாடி பளபளக்கும்.

அந்த ஆர்கன் சும்மா வாசித்தால் பாடாது. காற்று வேண்டும். பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருட்டறை ஒன்று, அதில் மாட்டுத் தோலில் பெரிய துருத்தி. ஓர் ஆள் உள்ளே நின்று பிடியை ஏற்றி இறக்க வேண்டும். வாசிப்பவருக்கு அவன் முகம் தெரியாது, அவனுக்கு இவர் விரல் தெரியாது. அதனால் ஒரு பழக்கம்: பலகையில் மூன்று தட்டு தட்டினால் அவன் தொடங்குவான்.

இதை அவளுக்கு யாரோ ஒரு பழைய மாணவர் சொல்லியிருந்தார். முதல் இரவு அவள் தட்டினாள். டொக். டொக். டொக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... பிறகு தோல் முறுகும் சத்தம். கிர்ர்ர்... குழாய்களுக்குள் காற்று ஏறியது. துருத்தித் தோலுக்குப் பூசும் விளக்கெண்ணெயின் வாசனை வந்தது. நல்ல வேளை, ஆள் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

இரவுதோறும் அப்படித்தான். ஆள் பேசமாட்டான். இருமமாட்டான். அவள் தப்பாக வாசித்தால் மட்டும் துருத்தி ஒரு கணம் தயங்கும்... கணக்கு வைப்பதுபோல. இது நூலகரின் வேலைதான் என்று அத்தைக்கு உறுதியாகிவிட்டது. ஒருநாள் வாசித்துக்கொண்டே எட்டி ஜன்னலைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடி பளபளத்தது. இங்கே காற்றும் வந்தது. அப்படியானால் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார், பாவி.

மறுநாள் நேராகப் பள்ளித் தாளாளரிடம் போனாள்.

"பாதர், துருத்தி போடுற ஆள மாத்துங்க. எனக்கு அவர் மேல நம்பிக்க இல்ல."

பாதர் பேனாவை வைத்தார். "எந்த ஆள்? ஆள் கிடைக்காமத்தானேம்மா கரண்ட் மோட்டார் வாங்கறோம். நீங்க சத்தமில்லாம விரல் பழகறீங்கன்னு நினைச்சேன்."

அவர் பார்த்த பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

விடுதி மேட்ரன்தான் அன்று சாயங்காலம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மூணு தட்டினா தொடங்கணும் டீச்சர். ஒரு தட்டு தட்டினா நிறுத்திட்டு வீட்டுக்குப் போலாம். அதுவரைக்கும் பிடிய விடக்கூடாது, அதான் சட்டம். அந்தக் காலத்துல ஒருநாள் வாசிச்சிட்டிருந்த தொரை மயங்கி விழுந்துட்டாராம். எல்லாரும் அவர தூக்கிட்டு ஓடிட்டாங்க. ஒரு தட்டு தட்ட யாருக்கும் தோணல..."

"அப்புறம்?"

"காலைல பாத்தா, துருத்தி போட்டவன் நின்னபடியே செத்திருக்கான். செத்தும் கை பிடிய விடல."

"அடப்பாவி, அத்தை அன்னிக்கே போய் ஒரு தட்டு தட்டியிருக்கலாமே!" என்றான் கரடி.

தட்டியிருக்கலாம். ஆனால் அத்தை நம்பவில்லை. மேட்ரனும் நூலகரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். என்னைப் பயமுறுத்தி ஓட வைக்கப் பார்க்கிறார்கள், இந்தப் பூச்சாண்டி எல்லாம் யாரிடம்? இப்படித்தான் நினைத்தாள். மோட்டாரும் வந்துவிட்டது. அதன் பிறகு அந்தப் பலகை பக்கமே அவள் கை போகவில்லை.

விழா அன்று மாலை மழை. பிஷப் வந்திருந்தார். உட்கார இடமில்லை. முதல் பாட்டு, இரண்டாம் சரணம்... மின்சாரம் போய்விட்டது. மோட்டார் நின்றது. ஆர்கன் அடிபட்ட மாடுபோல முனகி இறங்கியது. முன்வரிசையில் நூலகர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் சிரித்தாரா என்று இருட்டில் தெரியவில்லை.

மகளின் முகம் அவள் நினைவுக்கு வந்தது. அண்ணன் வீட்டுச் சமையலறையும் வந்தது.

டொக். டொக். டொக்.

கிர்ர்ர்...

காற்று வந்தது. இதுவரை வந்ததில்லாத காற்று. குழாய்கள் அதிர்ந்தன, மெழுகுவர்த்திகள் படபடத்தன. ஜெனரேட்டர் வந்துவிட்டது என்று நினைத்து எல்லாரும் உரக்கப் பாடினார்கள். எலக்ட்ரீஷியன் மட்டும் நனைந்தபடி அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"டீச்சர்... ஜெனரேட்டர் இன்னும் ஓடலயே. எப்படி வாசிக்கறீங்க?"

பாட்டு முடிந்தது. இப்போது ஒரே ஒரு தட்டு தட்ட வேண்டும். அவள் கை பலகைவரை போனது. எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொண்டிருந்தான். நூலகர் எழுந்தே நின்றுவிட்டார். கடைசிப் பாட்டு வேறு பாக்கி. தட்டிவிட்டால் காற்று போய்விடும். காற்று போனால் வேலை போய்விடும்.

கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்தது. எல்லார் முன்னாலும் அவள் வேலை நிரந்தரம் என்று பாதர் அறிவித்தார். நூலகர்கூடக் கை குலுக்கினார். கூட்டம் கலைந்த பிறகு அவள் தனியாகத் திரும்பி வந்து ஒரு தட்டு தட்டினாள். மரச் சத்தம் மட்டும் வந்தது. தோல் முறுகவில்லை. எண்ணெய் வாசனை இல்லை. பின்பக்கம் போய்க் கதவைத் திறந்து டார்ச் அடித்தாள். துருத்தித் தோல் எப்போதோ கிழிந்து நார்நாராகத் தொங்கியது. பிடியில் யாரும் இல்லை. போய்விட்டான், அவ்வளவுதான்... என்று வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.

அன்று படுக்கையில்தான் அது கேட்டது. கிர்ர்ர்... மெல்லிசாக. மகளின் குறட்டையோ என்று காது கொடுத்தாள். மகள் சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். தன் மூச்சுச் சத்தம் இடைஞ்சலாக இருக்கவே, நன்றாகக் கேட்பதற்காக மூச்சைப் பிடித்தாள்.

மார்பு ஏறியது. இறங்கியது.

வாயை மூடினாள். மூக்கை இறுக்கிப் பிடித்தாள்.

ஏறியது... இறங்கியது. விளக்கெண்ணெய் வாசனை அவளுக்குள்ளிருந்து வந்தது.

"டேய், போதும்டா" என்றது ஒரு குரல். கரடி இல்லை. கரடி எப்போதோ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அத்தை இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறாள். நல்ல நிறம், நல்ல உடம்பு. போன விடுமுறையில் தோழி அவளைப் பார்க்கப் போயிருந்தாள். தூக்கத்தில் கைகூடச் சுவரில் தட்டாதபடி கட்டிலை அறையின் நடுவில் இழுத்துப் போட்டிருந்தார்களாம். அந்த அறை ஜன்னலுக்குக் கொக்கி சரியில்லை, காற்று அடித்தால் கதவு சுவரில் ஒரு தரம் மோதும். அதனால் மகள் தினமும் படுக்குமுன் அதைக் கயிறு போட்டுக் கட்டுகிறாள். முடிச்சை அத்தை எழுந்து வந்து இழுத்துப் பார்த்த பிறகுதான் விளக்கை அணைப்பார்கள்.

ஏன் என்று மகளுக்கு இன்னும் சொல்லவில்லை.