என் மூஞ்சியைக் கேட்டு ஒரு மனு

கழுகுமலையிலிருந்து கோவில்பட்டிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் ஒரு மனு.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு எதுக்கு மதினி?"

"என் மூஞ்சியைக் கேக்கப் போறேன்."

"என்னது?"

"என் ஆடு களவு போச்சுல்லா? தெருமுக்குக் கேமராவுல பதிஞ்சதைக் காட்டுங்கன்னேன். அதுல அடுத்தவங்களும் இருக்காவ, அவிய அந்தரங்கம், சட்டப்படி காட்டக் கூடாதுன்னாவ. தண்ணி கேட்டு மறியல் பண்ணுனப்போ மட்டும், அதே கேமராவுல என்னைப் பாத்துத்தானே கேஸ் போட்டாவ?"

"அதுக்கு?"

"எம் படம் என்னென்ன வச்சிருக்காவன்னு எழுதிக் கேட்டிருக்கேன். எம் மூஞ்சி எனக்குச் சொந்தந்தானே?"

"தரலன்னா?"

"குடத்தோட அந்தக் கேமராவுக்கு நேரா போய் உக்காருவேன். ஆட்டுக் கள்ளனைக் காட்டாத கேமராவுக்கு நான் நல்லாத் தெரிவேம்லா."