ஒரே ஒரு கண்ணாடி

விழுப்புரத்தில் பஸ் கிளம்பியதும், எனக்கு முன் சீட்டில் இருந்தவள் கணவனிடம் கேட்டாள்.

“மெஷினோட போட்டுக்கற கண்ணாடி ஒண்ணுதான் தருவாங்களாம். அந்த வெளிச்சம் பட்டா பாப்பா கண்ணு?”

பாத்திரத்தில் பேர் பொறிக்கிற லேசர் மெஷினைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மடியில் ஒன்றரை வயதுக் குழந்தை தூங்கியது.

“மெஷின் ஓடறப்ப அவளத் தூக்கிக்கினு வெளிய போய்டு.”

“இருக்கறதே ஒரு ரூம். மழ பேஞ்சா?”

“அவளுக்கும் ஒரு கண்ணாடி வாங்கிட்டா?”

“மை வெச்சாலே தேய்ச்சிக்கிறா. கண்ணாடிய வுட்டு வெப்பாளா? மூடி போட்ட மெஷின் காட்டினியே மாமா, அத வாங்கு.”

“அதுல கொடம் நொழையாதுடி. கல்யாணச் சீருக்குத் தட்டு, டம்ளரு, அஞ்சு கொடம், ரெண்டு அண்டா பேர் போட்டுத் தர்றேன்னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன். மொத ஆர்டரு.”

“மெஷினே வாங்கல, அதுக்குள்ள ஒத்துக்கினியா?”

என் பக்கத்தில் என் மகன் ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தை என் பக்கம் திருப்பினேன்.

திண்டிவனம் நெருங்கும்போது முன் சீட்டுக்காரன் கடைக்காரரைக் கூப்பிட்டு, போனைக் காதில் வைத்தான்.

“அண்ணே, மூடி போட்ட மெஷின்தான் வாங்கறோம். தட்டு, டம்ளர் மட்டும் குடுங்கண்ணே. கொடமும் அண்டாவும் நம்மால ஆவாது.”

மறுமுனையில் கடைக்காரர் என்னவோ சொன்னார்.

“ஆர்டர முழுசாவே வேற ஆளுக்குக் குடுக்கறீங்களா? செரிண்ணே. ஊட்ல கொழந்த இருக்குது.”